த ஜாம்பீஸ்

த ஜாம்பீஸ் என்பது இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் 1961 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ராக் இசைக்குழு ஆகும். ராட் ஆர்ஜென்ட், கிறிஸ் வைட் ஆகிய இருவர் இக்குழுவின் முதன்மைப் பாடலாசிரியர்கள். காலின் பிளன்ஸ்டோன் முதன்மைப் பாடகர். பால் அட்கின்சன் கிதாரும் ஹியூ கிரண்டி டிரம்ஸும் வாசித்தனர். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் முதலிய குழுக்களின் காலத்திலேயே இயங்கியபோதும், தாய்நாட்டில் இக்குழு பெற்ற வெற்றி ஒரே ஒரு பாடலோடு நின்றுவிட்டது. இதன் தலைசிறந்த படைப்பாகக் கருதப்படும் ஒடெசி அண்ட் ஆரக்கிள் என்னும் இசைத்தொகுப்பு, குழு கலைந்த பின்னரே 1968 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற டைம் ஆஃப் த சீசன் என்ற பாடல் 1969 இல் அமெரிக்காவில் பெருவெற்றி பெற்றபோது, அதை மேடையில் பாடுவதற்கு அப்பெயரில் ஒரு குழுவே இருக்கவில்லை.

தொடக்கம்

ஆர்ஜென்ட், அட்கின்சன், கிரண்டி ஆகிய மூவரும் செயின்ட் ஆல்பன்ஸ் பள்ளியில் பயின்றவர்கள். ஆர்ஜென்ட் சிறுவயதில் அந்நகரின் பேராலயப் பாடற்குழுவில் பாடியவர். பாக்கின் இசையிலும் ஜாஸ் இசையிலும் ஒருசேர ஈடுபாடு கொண்டவர். பாஸ் கிதார் வாசிக்கச் சேர்ந்த பால் அர்னால்டு, தம் பள்ளித் தோழரான பிளன்ஸ்டோனை அழைத்து வந்தார். ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு, மூக்கில் கட்டுடனும் கறுத்த கண்களுடனும் பிளன்ஸ்டோன் முதல் ஒத்திகைக்கு வந்த செய்தியைக் குழுவினர் பலமுறை கூறியுள்ளனர்.

அவ்வேளையில் ஆர்ஜென்ட் பாடுவது என்றும் பிளன்ஸ்டோன் கிதார் வாசிப்பது என்றும்தான் திட்டம் இருந்தது. இடைவேளையில் அங்கிருந்த பழைய பியானோவை ஆர்ஜென்ட் வாசிக்கக் கேட்ட பிளன்ஸ்டோன், அவர் விசைப்பலகைதான் வாசிக்க வேண்டும் என்றார். பிளன்ஸ்டோன் தனியே ஒரு பாட்டைப் பாடக் கேட்ட ஆர்ஜென்ட், பாடும் பொறுப்பை அவருக்கே விட்டுக்கொடுத்தார். குழுவின் அடிப்படை அமைப்பு இவ்வாறு ஒரே நாளில் முடிவாயிற்று. ஜாம்பீஸ் என்னும் பெயரை முன்மொழிந்தவர் அர்னால்டு. மருத்துவப் படிப்பின் பொருட்டு அவர் விலகியதால், மார்க்யேட் என்னும் சிற்றூரில் மளிகைக் கடை நடத்தியவரின் மகனான கிறிஸ் வைட் அவ்விடத்துக்கு வந்தார்.

முதல் இசைத்தட்டு

1964 இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியின் இசைக்குழுக்களுக்கு இடையே நடந்த போட்டியில் வென்றதைத் தொடர்ந்து டெக்கா நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒலிப்பதிவுக்கு முன்பு தயாரிப்பாளர் கென் ஜோன்ஸ், பிறர் பாடல்களையே பாடாமல் சொந்தமாக ஏதேனும் எழுதிப் பார்க்கலாமே என்று பேச்சுவாக்கில் கூறினார். ஆர்ஜென்ட் எழுதிக்கொண்டு வந்தது ஷீ இஸ் நாட் தேர். கிறிஸ் வைட் எழுதிக்கொண்டு வந்தது யூ மேக் மீ ஃபீல் குட். 1964 ஜூலையில் வெளிவந்த தட்டின் ஒரு பக்கத்தில் முதலாவதும் மறுபக்கத்தில் இரண்டாவதும் இடம்பெற்றன. இரு பாடலாசிரியர்களின் பெயர்களும் முதல் தட்டிலேயே இரு பக்கங்களில் அமைந்துவிட்டமை குறிப்பிடத்தக்கது.

ஷீ இஸ் நாட் தேர் பிரித்தானியாவில் 12 ஆம் இடத்தையும் அமெரிக்க பில்போர்டு வரிசையில் 2 ஆம் இடத்தையும் எட்டியது. கிதார் ஓசையே ஆட்சி செய்த அக்காலத்தில், மின்பியானோவை முன்னிறுத்திய சிறு சுரப் பாடலாக அது தனித்து ஒலித்தது. பிளன்ஸ்டோனின் குரல் உரத்து ஒலிப்பதில்லை. மூச்சு கலந்து, ஏறக்குறைய காதருகில் பேசுவது போன்ற குரல் அது. தமிழ்த் திரையிசையில் மேற்கத்திய துள்ளலிசையைத் தாராளமாகப் பயன்படுத்திய காதலிக்க நேரமில்லை வெளிவந்ததும் இதே 1964 இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வாண்டின் இசைச் சூழலை ஒருவாறு உணரலாம்.

1964 டிசம்பரில் குழு நியூயார்க் சென்று புரூக்ளின் ஃபாக்ஸ் அரங்கில் நடைபெற்ற கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் பங்கேற்றது. அடுத்து வந்த டெல் ஹெர் நோ என்ற ஆர்ஜென்டின் பாடல் அமெரிக்காவில் 6 ஆம் இடத்தை எட்டியது; பிரித்தானியாவிலோ 42 ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிகின் ஹியர் என்னும் முதல் இசைத்தொகுப்பு 1965 இல் வெளிவந்தது. ஓட்டோ பிரமிங்கர் இயக்கிய பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங் என்ற திரைப்படத்தில் தொலைக்காட்சிப் பெட்டியில் பாடும் குழுவாக இவர்கள் சிறிது நேரம் தோன்றினர். அதன்பின் வெளியிட்ட தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியுற்றன. அவற்றுள் ஒன்றின் மறுபக்கத்தில் இருந்த வைட்டின் ஐ லவ் யூ என்ற பாடலைப் பின்னர் பீப்பிள் என்னும் கலிபோர்னியக் குழு பாடி, 1968 இல் அமெரிக்காவில் 14 ஆம் இடம் வரை கொண்டு சென்றது. ஜாம்பீஸ் பாடியபோது அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

1967 இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் அரனெட்டா அரங்கில் பாடச் சென்றபோது, அங்கு தாம் பெரும் புகழ் பெற்றிருப்பதைக் கண்டு குழுவினரே வியந்தனர். பல்லாயிரவர் திரண்ட அந்நிகழ்ச்சிகளுக்கு இவர்கள் பெற்ற ஊதியம் மிகச் சொற்பம்.

இரு பாடலாசிரியர்கள்

மெல்லிசை மன்னர்கள் எனப்பட்ட விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஒரே பெயரின் கீழ் இணைந்து இசையமைத்ததைப் போன்றதன்று ஆர்ஜென்ட், வைட் ஆகியோரின் முறை. பீட்டில்ஸ் குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் யார் எழுதினாலும் இருவர் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொண்டனர். ஜாம்பீஸ் குழுவில் அவரவர் பாட்டு அவரவர் பெயரிலேயே வந்தது. எனவே யார் எதை எழுதினார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆர்ஜென்டின் பாடல்களில் சுரக்கட்டுகளின் எதிர்பாராத திருப்பங்களும் ஜாஸ் சாயலும் மிகுதி. வைட் எழுதியவை பெரும்பாலும் ஓர் இடத்தையோ மனிதரையோ பற்றியவை. பீச்வுட் பார்க் என்ற அவரது பாடல் மார்க்யேட் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மாளிகையையும் அதன் சூழலையும் பற்றியது. தந்தையின் கடைச் சரக்குகளைக் கொண்டு கொடுக்கச் சென்று பழகிய இடம் அது. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன் பாடலில் தமக்குத் தெரிந்த இணையர்களின் பெயர்களையே அடுக்கிப் பாடலாக்கினார்.

குழுவின் மூன்று பெரிய வெற்றிப் பாடல்களும் ஆர்ஜென்ட் எழுதியவை. இதனால் குழுவே கவனிக்கப்படாமல் போனது என்று எழுதுவோர்கூட, அக்குழுவுக்குள் வைட் கவனிக்கப்படாமல் போனதை எழுதுவதில்லை. ஒடெசி அண்ட் ஆரக்கிள் தொகுப்பின் 12 பாடல்களில் 7 வைட் எழுதியவை. ஆர்ஜென்ட் எழுதியவை 5.

இந்த ஏற்பாட்டுக்கு வேறொரு பக்கமும் உண்டு. ஒரு தட்டு விற்கும்போதும் வானொலியில் ஒலிக்கும்போதும் பாடலை எழுதியவருக்குத் தனியாக உரிமத்தொகை கிடைக்கும். தட்டின் மறுபக்கப் பாடல் வானொலியில் ஒலிக்காவிட்டாலும், விற்பனைக்குரிய தொகை அதன் ஆசிரியருக்கும் சேரும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உரியது நிறுவனம் தரும் பங்கும் மேடை வருவாயும் மட்டுமே. ஆகவே 1967 அளவில் ஆர்ஜென்டும் வைட்டும் ஓரளவு வசதியாக இருக்க, பிளன்ஸ்டோன், அட்கின்சன், கிரண்டி ஆகிய மூவரும் ஊர் ஊராகப் பயணம் செய்தும் கையில் பணமின்றி இருந்தனர். அவர்களுக்குள் பெரிய பகை ஏதும் இருக்கவில்லை. குழு கலைந்ததற்கு இந்த ஏற்றத்தாழ்வே முதன்மைக் காரணம்.

ஒடெசி அண்ட் ஆரக்கிள்

தயாரிப்பாளரின் ஒலிக்கலவையில் நிறைவு கொள்ளாத ஆர்ஜென்டும் வைட்டும், ஒரு தொகுப்பையேனும் தாமே தயாரித்துவிட வேண்டும் என்று விரும்பினர். சி.பி.எஸ். நிறுவனம் 1,000 பவுண்டு ஒதுக்கியது. 1967 ஜூன் மாதம் இலண்டனின் ஏபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் பணி தொடங்கியது. பீட்டில்ஸ் குழு சார்ஜென்ட் பெப்பர் தொகுப்பை அங்கு முடித்துச் சென்று சில வாரங்களே ஆகியிருந்தன. அத்தொகுப்பில் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக் இவர்களுக்கும் பணியாற்றினார். பீட்டர் வின்ஸ் மற்றொருவர்.

ஜான் லெனன் கூடத்திலேயே விட்டுச் சென்றிருந்த மெலட்ரான் என்னும் கருவியை ஆர்ஜென்ட் எடுத்துப் பயன்படுத்தினார். பார்ப்பதற்கு ஆர்மோனியம் போன்ற விசைப்பலகை கொண்ட இக்கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு ஒலிநாடா உண்டு. வயலின், புல்லாங்குழல் முதலியவற்றின் ஒலி அந்நாடாக்களில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா சில நொடிகள் ஓடி, விட்டதும் சுருண்டு பழைய இடத்துக்குத் திரும்பும். வாத்தியக் குழுவை அமர்த்தப் பணம் இல்லாதவர்களுக்கு அது பெருந்துணையாக அமைந்தது. பணம் இல்லாமையால் ஒத்திகைகளையும் கூடத்துக்கு வெளியிலேயே முடித்துக்கொண்டு, உள்ளே சென்றதும் விரைவாகப் பதிவு செய்தனர். தொகுப்பின் இறுக்கமான கட்டமைப்புக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் எனலாம்.

பாடல்களின் பொருள் அக்காலத்து வழக்கமான காதல் பாடல்களிலிருந்து வெகுவாக விலகியது. கேர் ஆஃப் செல் 44 துள்ளலான மெட்டில் அமைந்தது. பொருளோ சிறையிலிருந்து விடுதலையாகவிருக்கும் காதலிக்கு எழுதும் மடல். எ ரோஸ் ஃபார் எமிலி என்னும் தலைப்பு வில்லியம் ஃபாக்னரின் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டது. பியானோவும் குரல்களும் மட்டுமே கொண்ட அப்பாடல் தனிமையில் முதுமையடையும் ஒரு பெண்ணைப் பற்றியது.

வைட் எழுதிய புட்சர்ஸ் டேல் முதல் உலகப் போரின் மேற்கு முனையில் அகப்பட்ட ஓர் இறைச்சிக்கடைக்காரரின் கூற்றாக அமைகிறது. இதைப் பிளன்ஸ்டோன் பாடவில்லை. வைட்டே தம் நடுங்கும் குரலில் பாடினார். பக்கவாத்தியமாக இருப்பது காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் இசை நாடக மேடைகளில் வாசிக்கப்பட்டுவரும் கால் ஆர்மோனியமும் இதே இனத்தைச் சேர்ந்ததே. அங்கே கூத்துக்குக் களை கட்டும் அவ்வொலி இங்கே பதுங்குகுழியின் மூச்சுத்திணறலாக மாறிவிடுகிறது.

டைம் ஆஃப் த சீசன் இறுதிக் கட்டத்தில் எழுதப்பட்டது. பாஸ் கிதார், கைத்தட்டு, மூச்சொலி ஆகியவற்றோடு தொடங்கும் இப்பாடலைப் பாடும் முறை குறித்து ஆர்ஜென்டுக்கும் பிளன்ஸ்டோனுக்கும் கூடத்திலேயே கடும் வாக்குவாதம் நிகழ்ந்தது. இப்பாட்டு பிளன்ஸ்டோனுக்குப் பிடிக்கவில்லை, ஆர்ஜென்ட் விடவில்லை. பதிவு முடிந்தது.

ஒதுக்கிய பணம் தீர்ந்த நிலையில் நிறுவனம் ஸ்டீரியோ ஒலிக்கலவையும் வேண்டும் என்றது. ஆர்ஜென்டும் வைட்டும் தம் பாடல் வருவாயிலிருந்து 200 பவுண்டு கொடுத்து அதைச் செய்வித்தனர். வைட் எழுதிய திஸ் வில் பி அவர் இயர் பாடலில் மட்டும் ஒரு சிக்கல். அதன் ஊதுகருவிகள் மோனோ கலவை நடக்கும்போதே நேரடியாகச் சேர்க்கப்பட்டிருந்தமையால், அவற்றைப் பிரித்தெடுத்து உண்மையான ஸ்டீரியோ வடிவம் செய்ய இயலவில்லை.

மேலட்டையை வரைந்தவர் வைட்டின் அறைத்தோழரான டெர்ரி குவிர்க் என்னும் ஓவியர். ஒடிசி என்னும் ஆங்கிலச் சொல்லில் 'ஒய்' வரவேண்டிய இடத்தில் அவர் 'இ' என்று எழுதிவிட்டார். அச்சுக்குச் சென்ற பின்னரே பிழை தெரிந்தது. அது வேண்டுமென்றே செய்த சொல் விளையாட்டு என்று ஆர்ஜென்ட் பல ஆண்டுகள் கூறிவந்தார். பிழைதான் என்பதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மறுபதிப்புகளிலும் அப்பிழை திருத்தப்படவில்லை.

கலைவும் காலம் கடந்த வெற்றியும்

1967 நவம்பரில் தனித்தட்டாக வெளிவந்த கேர் ஆஃப் செல் 44 விற்கவில்லை. புதுமணம் புரிந்திருந்த அட்கின்சனுக்கு நிலையான வருவாய் தேவைப்பட்டது. பிளன்ஸ்டோனும் சோர்ந்திருந்தார். 1967 டிசம்பரில் கீல் பல்கலைக்கழகத்தில் கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டுக் குழுவினர் பிரிந்தனர். பிளன்ஸ்டோன் இலண்டனில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஒடெசி அண்ட் ஆரக்கிள் 1968 ஏப்ரல் 19 அன்று பிரித்தானியாவில் வெளிவந்தது. வரிசைப் பட்டியல் எதிலும் இடம்பெறவில்லை.

அமெரிக்காவில் இதை வெளியிடும் எண்ணம் கொலம்பியா நிறுவனத்துக்கு இல்லை. அந்நிறுவனத்தில் தயாரிப்பாளராகச் சேர்ந்திருந்த அல் கூப்பர், இலண்டனில் வாங்கி வந்த கட்டுக் கட்டான இசைத்தட்டுகளுள் இது ஒன்றே தம்மைக் கவர்ந்ததாகக் கூறி மேலிடத்தை வற்புறுத்தினார். இதன் பயனாக டேட் என்னும் துணைப்பெயரில் அங்கு வெளியிடப்பட்டது. விந்தையாக, முதல் தனித்தட்டாக அவர்கள் தேர்ந்தது புட்சர்ஸ் டேல். வியட்நாம் போர்க்காலத்தில் போரெதிர்ப்புப் பாட்டு விற்கும் என்று எண்ணியிருக்கலாம், விற்கவில்லை. பின்னர் வந்த டைம் ஆஃப் த சீசன் மெதுவாக வானொலிகளில் பரவி, 1969 தொடக்கத்தில் பில்போர்டு வரிசையில் 3 ஆம் இடத்தையும், கேஷ் பாக்ஸ் வரிசையில் மார்ச் 29 அன்று முதலிடத்தையும் பிடித்தது. பிரித்தானியாவில் அப்போதும் அது எடுபடவில்லை.

மீண்டும் ஒன்றுசேரும்படி அழைப்புகள் வந்தும் குழுவினர் இணங்கவில்லை. அந்த இடைவெளியில், அமெரிக்காவில் அவர்கள் பெயரில் போலிக் குழுக்கள் ஊர் ஊராகப் பாடிப் பணம் ஈட்டின. டெக்சாஸைச் சேர்ந்த ஒரு போலிக் குழுவில் பாஸ் கிதார் வாசித்த டஸ்டி ஹில், டிரம்ஸ் வாசித்த ஃபிராங்க் பியர்டு ஆகிய இருவரும் பின்னர் ஸீஸீ டாப் என்னும் குழுவில் பெரும் புகழ் பெற்றனர்.

பிற்காலம்

ஆர்ஜென்ட் தம் பெயரிலேயே புதிய குழுவைத் தொடங்கினார். வைட் அதில் வாசிக்கவில்லை. எழுதுவதிலும் தயாரிப்பதிலும் பங்கேற்றார். இருவர் பெயரிலும் வந்த ஹோல்டு யுவர் ஹெட் அப் 1972 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 5 ஆம் இடத்தை எட்டியது. பிளன்ஸ்டோனின் ஒன் இயர் என்னும் தனித்தொகுப்பையும் 1971 இல் இவ்விருவருமே தயாரித்தனர். அட்கின்சன் அமெரிக்காவில் இசைத்தட்டு நிறுவனங்களில் உயர்பதவி வகித்து, 2004 ஏப்ரல் 1 அன்று காலமானார். அவர் மருத்துவத்துக்கு நிதி திரட்ட அவ்வாண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த நிகழ்ச்சியில் ஐவரும் ஒன்றுகூடினர்.

ஒடெசி அண்ட் ஆரக்கிள் தொகுப்பின் மதிப்பு மெல்ல மெல்லவே உயர்ந்தது. பிரித்தானியப் பாடகர் பால் வெல்லர் அதைத் தமக்கு மிக விருப்பமான தொகுப்புகளுள் ஒன்றாகக் கூறினார். ரோலிங் ஸ்டோன் இதழ் 2003 இல் வெளியிட்ட 500 சிறந்த தொகுப்புகளின் பட்டியலில் அது 80 ஆம் இடம் பெற்றது. 2020 இன் திருத்திய பட்டியலில் 243 ஆம் இடத்துக்கு இறங்கியது. சான்டானா குழு 1977 இல் ஷீ இஸ் நாட் தேர் பாடலைப் பாடி, மூலக் குழுவினும் ஒருபடி மேலாகப் பிரித்தானியாவில் 11 ஆம் இடத்தைப் பெற்றது.

2000 வாக்கில் ஆர்ஜென்டும் பிளன்ஸ்டோனும் மீண்டும் சேர்ந்து பாடத் தொடங்கி, 2004 முதல் பழைய பெயரிலேயே தொகுப்புகளை வெளியிட்டனர். 2008 மார்ச்சில் இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் எஞ்சிய நால்வரும் ஒடெசி அண்ட் ஆரக்கிள் முழுவதையும் முதன்முறையாக மேடையில் நிகழ்த்தினர். பதிவு செய்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. புட்சர்ஸ் டேல் பாட்டை வைட்டே பாடினார்.

ராக் அண்ட் ரோல் புகழவைக்கு மூன்று முறை முன்மொழியப்பட்டும் இடம் பெறாத குழு, நான்காம் முறை தேர்வு பெற்று 2019 மார்ச் 29 அன்று சேர்க்கப்பட்டது. 1964 இல் அமெரிக்காவில் முதலில் பாடிய அதே புரூக்ளினில் அவ்விழா நடந்தது. டைம் ஆஃப் த சீசன் கேஷ் பாக்ஸ் வரிசையில் முதலிடம் பெற்ற நாளிலிருந்து சரியாக 50 ஆண்டுகள் நிறைவுற்ற நாளும் அதுவே. டிஃபரன்ட் கேம் என்னும் தொகுப்பு 2023 இல் வெளிவந்தது. 2024 ஜூலையில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஆர்ஜென்ட், இசைப்பயணங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.